‘ஏற்கனவே இருந்தா ஃபெயில் ஆயிடும்’: ஒரு டூல் டிஸ்கிரிப்ஷனை வரி வரியா சோதிச்சுப் பாத்த கதை

ஒரு டெம்ப் ஃபோல்டர்ல ரெண்டு டெக்ஸ்ட் ஃபைல் வச்சேன். ஒண்ணு பேரு அறிக்கை, உள்ள ‘புதுசு’ன்னு ஒரே வார்த்தை. இன்னொண்ணு பேரு காப்பு, உள்ள ‘பழசு, அழிக்கக் கூடாது’ன்னு ஒரு வரி. அப்புறம் எம்சிபி-யோட (ஏஐ மாடலை வெளி டூல்களோட இணைக்கிற ஒரு பொது நெறிமுறை) மாதிரி ஃபைல்சிஸ்டம் சர்வர்ல, அதாவது ஃபைல்களைக் கையாளற டூல்களைக் குடுக்கற சின்ன புரோகிராம்ல, இருக்க மூவ்_ஃபைல் டூலை கூப்பிட்டு, அறிக்கையை காப்புங்கற பேருக்கு நகத்துன்னு சொன்னேன். அந்த டூலோட டிஸ்கிரிப்ஷன்ல, அதாவது மாடல் படிக்கிறதுக்காக எழுதி வச்சிருக்க விளக்கத்துல, தெளிவா ஒரு வரி இருக்கு, போய்ச் சேர வேண்டிய இடத்துல ஏற்கனவே ஏதாவது இருந்தா இந்த வேலை தோல்வி அடையும்னு. எர்ரர் வரும்னு எதிர்பார்த்தேன். வந்தது ‘வெற்றிகரமா நகத்தியாச்சு’ங்கற பதில். காப்பு ஃபைலைத் திறந்தா உள்ள ‘புதுசு’. பழைய வரி போயே போச்சு.

அது சோதனைக்கு வச்ச ஃபைல்தான், எனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. ஆனா அன்னைக்கு வரைக்கும் டூல் டிஸ்கிரிப்ஷனை நான் எடை போட்டுட்டு இருந்த முறையே தப்புன்னு அந்த ஒரு வரி காட்டிக் குடுத்துச்சு, அதனாலதான் முழுசா எழுதி வைக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் காலிங் கொண்டு வந்தப்பவே இந்த அமைப்பு கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு: மாடல்கிட்ட ஒரு ஃபங்ஷனோட பேரு, அது என்ன செய்யும்னு ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு வேணும்னு ஒரு ஜேசன் ஸ்கீமா (உள்ளீட்டோட பேரு, வகை எல்லாம் இருக்க ஒரு படிவம்), இவ்வளவுதான் குடுப்போம், மாடல் அதைப் பாத்து எதைக் கூப்பிடணும் என்ன மதிப்பு போடணும்னு முடிவு பண்ணும். 2024 நவம்பர்ல கிளாட் மாடலை உருவாக்கற ஆந்த்ரோபிக் எம்சிபி-யை வெளியிட்டப்போ அதே மூணையும் ஒரு பொது நெறிமுறையா ஆக்கினாங்க, இப்ப யார் வேணும்னாலும் ஒரு சர்வர் எழுதி எந்த ஏஜென்ட்டோட (டூல்களைத் தானே கூப்பிட்டு வேலை முடிக்கிற மாடல்) வேணும்னாலும் சேத்து விடலாம். இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணுதான். சாதாரண பயன்பாட்டுல ஏஜென்ட் நம்ம சோர்ஸ் கோடைப் பாக்கிறதில்ல, ரீட்மீயை (கோடோட மனுஷங்களுக்காக வைக்கிற விளக்கக் குறிப்பு) பாக்கிறதில்ல, நம்ம டீம் குரூப்ல பேசிக்கிட்டதும் அதுக்குத் தெரியாது. டப்பா மேல ஒட்டியிருக்க சீட்டை மட்டும் படிச்சு மருந்து குடுக்கிற நிலைமை அதுக்கு. சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதுதான் அதுக்கு உண்மை.

இந்த சர்வரை எடுத்ததுக்குக் காரணம், புதுசா எம்சிபி சர்வர் எழுதறவங்க நிறைய பேர் முதல்ல திறந்து பாக்கிறது இதைத்தான், இதுல இருக்க மாதிரியேதான் தங்களோட டிஸ்கிரிப்ஷனையும் எழுதறாங்க. கோடும் சின்னது, ஒரு மத்தியானத்துல படிச்சு முடிச்சிடலாம். இன்னொண்ணும் சொல்லணும், இது மாதிரிக்காக வச்சிருக்க கோடு, அப்படியே புரொடக்‌ஷனுக்கு எடுத்துப் போறதுக்கு இல்லன்னு அந்தத் திட்டத்துக்காரங்களே எழுதி வச்சிருக்காங்க. இதோட டிஸ்கிரிப்ஷன்லாம் மத்த பல சர்வரை விட நல்லாவே எழுதப்பட்டது. நல்லா எழுதின ஒண்ணை எடுத்தாத்தான் நான் சொல்ல வர்றது புரியும். நான் படிச்சது 2025-ல இருந்த கோடு.

முதல்ல நான் பண்ணது எல்லாரும் பண்றதுதான். ஒரு மதிப்பெண் அட்டை போட்டேன். என்ன செய்யும்னு சொல்லுதா, எப்ப பயன்படுத்தணும்னு சொல்லுதா, எப்ப கூடாதுன்னு சொல்லுதா, தோத்தா என்ன ஆகும்னு சொல்லுதா, பக்கத்து டூலோட குழப்பம் வருமா, இந்த மாதிரி. ஒவ்வொரு டிஸ்கிரிப்ஷனையும் ஒரு மாடல்கிட்ட குடுத்து இந்த அட்டைப்படி மார்க் போடச் சொன்னேன். மூவ்_ஃபைல் நல்லா மார்க் வாங்குச்சு! ஏன்னா அது எல்லாத்தையும் சொல்லுது: நகத்தலாம், பேர் மாத்தலாம், ரெண்டையும் ஒரே தடவைல செய்யலாம், இலக்குல ஏதாவது இருந்தா தோக்கும், ரெண்டு பாதையும் அனுமதிச்ச ஃபோல்டருக்குள்ள இருக்கணும். படிக்கறவங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. அதே அட்டையில ரைட்_ஃபைல் டூல், ஏற்கனவே இருக்க ஃபைலை எச்சரிக்கை இல்லாம மேல எழுதிடும், ஜாக்கிரதைன்னு சொல்ற டூல், அதுக்கும் நல்ல மார்க்.

இப்ப இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு ஏஜென்ட் எப்படிப் படிக்கும்னு யோசிங்க. ஒரு டூல் நான் ஆபத்துன்னு சொல்லுது. இன்னொரு டூல் நான் பத்திரம், மேல விழ மாட்டேன், தடுத்து நிறுத்திடுவேன்னு சொல்லுது. எது கையில எடுக்கும்? முன்னாடி ஒரு தடவை இலக்குல ஏதாவது இருக்கான்னு பாக்கிறதுக்கு லிஸ்ட்_டைரக்டரி இருக்கு, கெட்_ஃபைல்_இன்ஃபோ இருக்கு, ஆனா எதுக்குப் பாக்கணும், டூலே பாத்துக்கும்னு எழுதியிருக்கே. கோடைத் திறந்தா உள்ள நோட்-ஓட (இந்த சர்வர் ஓடற ஜாவாஸ்கிரிப்ட் தளம், நோட்.ஜேஎஸ்) ரீநேம் ஃபங்ஷனை நேரா கூப்பிட்டிருக்காங்க, இலக்குல ஏதாவது இருக்கான்னு எந்தச் சோதனையும் கிடையாது. ரீநேம் பத்தி நோட்-ஓட ஆவணத்துலயே இருக்கு, இலக்குல ஃபைல் இருந்தா அது மேல எழுதப்படும்னு. ஆக டிஸ்கிரிப்ஷன் ஒண்ணு சொல்லுது, கோடு நேர் எதிரா செய்யுது, நடுவுல இருக்கிற ஏஜென்ட் டிஸ்கிரிப்ஷனை நம்பி முன்னெச்சரிக்கையை விட்டுடுது. அந்த வரி இல்லாமலே இருந்திருந்தா கூட பரவால்ல, சந்தேகத்துல ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கும்.

அதுக்கப்புறம் மதிப்பெண் அட்டையைத் தூக்கி வச்சுட்டு வேற மாதிரி ஆரம்பிச்சேன். ஒவ்வொரு டிஸ்கிரிப்ஷனையும் வாக்கியம் வாக்கியமா உடைச்சேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு வாக்குறுதியா எடுத்துக்கிட்டு, அதை உடைக்கப் பாக்கிற ஒரு சின்ன டெஸ்ட் எழுதினேன், மாடலே இல்லாம, நேரா டூலைக் கூப்பிட்டு. உண்மைன்னா ஒரு குறி, பொய்யின்னா ஒரு குறி, அப்புறம் மூணாவதா ஒரு குறி, கோடுல இருக்கு ஆனா டிஸ்கிரிப்ஷன்ல வாயே திறக்கலன்னு. இந்த மூணாவது பட்டியல்தான் கடைசியில ரொம்ப நீளமாச்சு.

ரீட்_டெக்ஸ்ட்_ஃபைல்னு ஒரு டூல். டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வாக்கியம்: பல வகை எழுத்துக் குறியாக்கங்களை (எழுத்தை பைட்டா சேமிக்கற முறைகளை) கையாளும், படிக்க முடியலன்னா விவரமான எர்ரர் குடுக்கும்னு. கோடுல யூடிஎஃப்-8, அதாவது யூனிகோட் எழுத்துக்களைச் சேமிக்கற வழக்கமான முறை, மட்டும்தான். இங்கிலீஷ் ஃபைலோட மட்டும் வேலை செய்யறவங்களுக்கு இது கண்ணுலயே படாது. நம்ம ஆளுங்களுக்கு படும். யூனிகோட் பரவறதுக்கு முன்னாடி தமிழ்ல டைப் பண்ணவங்ககிட்ட திஸ்கிங்கற பழைய குறியாக்கத்துல ஃபைல் இருக்கும், 1999-ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட டேப், டேம் ஃபைல் இருக்கும், பாமினி ஃபாண்ட்ல அடிச்சது மூட்டை மூட்டையா இருக்கும். திஸ்கியில தமிழ் எழுத்தெல்லாம் 128-க்கு மேல இருக்க இடத்துல ஒரு பைட் ஒரு பைட்டா உக்காந்திருக்கும். அதை யூடிஎஃப்-8-னு நெனச்சுப் படிச்சா பெரும்பாலான பைட் செல்லாது, அப்ப நோட் எர்ரர் எல்லாம் குடுக்காது, செல்லாத ஒவ்வொண்ணுக்கும் பதிலா அந்தக் கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமண்டை வச்சுட்டு அமைதியா போயிடும்.

ஒரு சின்ன திஸ்கி ஃபைல் வச்சு இதைப் பாத்தேன். படிக்கச் சொன்னா வரிசையா டைமண்டு. எர்ரர் இல்ல. டிஸ்கிரிப்ஷன் என்ன சொல்லியிருக்கு? பல குறியாக்கத்தைக் கையாளுவேன்னு. அப்ப ஏஜென்ட் என்ன முடிவுக்கு வரும்? டூல் சரியாத்தான் படிச்சிருக்கு, ஃபைல்தான் கெட்டுப் போயிருக்குன்னு. அதே ஃபைல்ல மேல இருக்க ஒரு இங்கிலீஷ் தலைப்பு வரியை மட்டும் மாத்தச் சொல்லி எடிட்_ஃபைல் டூலைக் கூப்பிட்டேன். அது முழு ஃபைலையும் யூடிஎஃப்-8-ஆ படிச்சு, தலைப்பை மாத்தி, முழு ஃபைலையும் திருப்பி எழுதுச்சு. இப்ப அந்த டைமண்டுகளே ஃபைலுக்குள்ள நிரந்தரமா போய் உக்காந்துடுச்சு, பழைய பைட் எதுவும் மிச்சம் இல்ல. குறியாக்கம் மாத்தற எந்த மென்பொருளாலயும் இனிமே அதைத் திஸ்கியில இருந்து மீட்க முடியாது. தலைப்புல ஒரு வார்த்தை மாத்தப் போய் கீழ இருந்த முழு கட்டுரையும் போச்சு. ஒரு எழுத்தாளரோட இருபது வருஷ ஃபோல்டரை ஏஜென்ட்கிட்ட குடுத்து ‘தலைப்பெல்லாம் ஒழுங்கு பண்ணு’ன்னு சொன்னா என்ன ஆகும்னு நெனச்சா எனக்கு உண்மையிலேயே வயித்தைக் கலக்குது.

இதை சரி பண்ண கோடே மாத்த வேணாம். ‘யூடிஎஃப்-8 மட்டும்தான், வேற குறியாக்கத்துல இருக்க ஃபைலைப் படிச்சா எழுத்துக்குப் பதிலா மாற்றுக்குறி வரும், அந்த ஃபைலைத் திருத்தாதே’ன்னு ரெண்டு வரி போதும். அதைப் படிச்ச ஏஜென்ட் டைமண்டைப் பாத்த உடனே நின்னு மனுஷங்ககிட்ட கேக்க ஒரு வாய்ப்பாவது உண்டு.

எடிட்_ஃபைல் பத்தி இன்னும் இருக்கு, இதுதான் எனக்கு ரொம்ப நேரம் எடுத்த டூல். டிஸ்கிரிப்ஷன் என்ன சொல்லுதுன்னா, துல்லியமா பொருந்தற வரிகளை எடுத்துட்டு புது உள்ளடக்கத்தை வைக்கும், என்ன மாறுச்சுன்னு கிட் பாணியில ஒரு டிஃப் (பழைய வரி, புது வரி ரெண்டையும் காட்டற பட்டியல்) திருப்பிக் குடுக்கும். பழைய டெக்ஸ்ட் ‘துல்லியமா பொருந்தணும்’னு பாராமீட்டர் விளக்கத்துல தனியா வேற சொல்லியிருக்கு. கோடைப் படிச்சா மூணு விஷயம் தெரியுது. ஒண்ணு, அப்படியே பொருந்தலன்னா வரி ஓரத்து ஸ்பேஸ் எல்லாம் கழட்டிட்டு இன்னொரு தடவை தேடிப் பாக்குது, அதாவது துல்லியம்னு சொன்னாலும் கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கு. இது நல்லதுக்குத்தான். ரெண்டாவது, அதே டெக்ஸ்ட் ஃபைல்ல பல இடத்துல இருந்தா முதல்ல வர்றதை மட்டும் மாத்திட்டுப் போயிடுது, பல இடத்துல இருக்குன்னு சொல்றது கூட இல்ல. மூணாவதுக்கு அப்புறம் வர்றேன்.

ஒரு கணக்கு ஃபைல் வச்சேன், மூணு கடைக்கும் தனித்தனியா பிரிவு, ஒவ்வொண்ணு கீழயும் ‘மொத்தம்: 0’ன்னு ஒரு வரி. ரெண்டாவது கடையோட மொத்தத்தை மாத்துன்னு ஏஜென்ட்கிட்ட சொன்னா, அது நேர்மையா ஃபைலைப் படிச்சு, ரெண்டாவது கடையைக் கண்டுபிடிச்சு, பழைய டெக்ஸ்ட்டா ‘மொத்தம்: 0’ன்னு மட்டும் அனுப்பினா போதும், முதல் கடையோட மொத்தம் மாறிடும். டூல் தப்பு பண்ணலன்னே சொல்லும். திரும்பி வர்ற டிஃப்பைக் கவனமா படிச்சா வேற இடத்துல மாறியிருக்குன்னு தெரியும்தான், அந்த டிஃப் குடுக்கிறது இந்த டூல்ல இருக்க ரொம்ப நல்ல குணம், ஆனா அதுக்குள்ள ஃபைல்ல எழுதியாச்சு. இதே வேலைக்கு ஆந்த்ரோபிக்கோட டெக்ஸ்ட் எடிட்டர் டூல் எப்படி நடந்துக்குதுன்னு பாருங்க: பழைய டெக்ஸ்ட் ஃபைல்ல ஒரே ஒரு இடத்துல மட்டும் இருக்கணும், இல்லன்னா மாத்தவே மாட்டேன், அதனால சுத்தி இருக்க வரிகளையும் சேத்து அனுப்புன்னு டிஸ்கிரிப்ஷன்லயே சொல்லிடறாங்க. அந்த ஒரு வரி இருந்தா ஏஜென்ட் முதல் தடவையே ‘இரண்டாம் கடை’ங்கற தலைப்பையும் சேத்து அனுப்பும். எடிட்_ஃபைல்ல அப்படி ஒரு வரி இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே பாதி இல்ல.

அதோட ஒரு டிரைரன் பாராமீட்டர் இருக்கு, மாத்தாம முன்னோட்டம் மட்டும் காட்டும். ரீட்மீயில எழுதியிருக்காங்க, எப்பவும் முதல்ல டிரைரன் வச்சுப் பாத்துட்டு அப்புறம் மாத்தறதுதான் நல்ல பழக்கம்னு. அருமையான அறிவுரை. ஆனா அது ரீட்மீயில மட்டும்தான் இருக்கு! ஏஜென்ட் படிக்கிற இடத்துல டிரைரன் பத்தி இருக்கிறது டிஃப் முன்னோட்டம் காட்டும்ங்கறது மட்டும்தான், எப்ப பயன்படுத்தணும்னு இல்ல, டீஃபால்ட்டும் ஆஃப். ரீட்_டெக்ஸ்ட்_ஃபைல்லயும் இதே கதை. முதல் சில வரி மட்டும் வேணும்னா ஹெட், கடைசி சில வரி மட்டும் வேணும்னா டெயில். ரெண்டையும் சேத்துக் குடுக்கக் கூடாதுன்னு ரீட்மீ சொல்லுது, ஏஜென்ட் அதைத் தெரிஞ்சுக்கிறது எர்ரர் வாங்கின பிறகுதான். மனுஷங்களுக்கு எழுதற இடத்துல இருக்க புத்தி எல்லாம் ஏஜென்ட்டுக்கு எழுதற இடத்துல இல்லாம போறது இந்த ஒரு சர்வர்ல மட்டும் இல்ல, நான் திறந்து பாத்த நிறைய சர்வர்ல இதேதான். ரீட்மீயை ரசிச்சு எழுதறோம், டிஸ்கிரிப்ஷனை கடைசில அவசரமா ரெண்டு வரி போட்டு முடிச்சிடறோம்.

இப்ப அந்த மூணாவது விஷயம். ‘மொத்தம்’ங்கற வார்த்தையையே எடுத்துக்குங்க. முதல் எழுத்து மொ. யூனிகோட்ல இதை ரெண்டு விதமா எழுதி வைக்கலாம்: ம-வுக்கு அப்புறம் ஒகரக்குறின்னு ஒரே குறி, இல்லன்னா ம-வுக்கு அப்புறம் ஒத்தக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறி. ஸ்கிரீன்ல ரெண்டும் ஒரே மாதிரி, ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. யூனிகோட் விதிப்படியும் ரெண்டும் சமம்தான், என்எஃப்சிங்கற யூனிகோட் சீராக்கத்தைப் பண்ணா ஒரே குறியா சேந்துடும். ஆனா இந்த சர்வர் பொருத்திப் பாக்கிறதுக்கு முன்னாடி வரி முடிவுக் குறியை மட்டும்தான் ஒரே மாதிரி ஆக்குது, என்எஃப்சி எல்லாம் பண்றதில்ல. கொம்பும் காலும் தனித்தனியா இருக்க ஒரு ஃபைலைக் குடுத்து, ஒரே குறியா இருக்க ‘மொத்தம்’ அனுப்பினேன். துல்லியமான பொருத்தம் கிடைக்கலன்னு எர்ரர், அதோட நான் அனுப்பின டெக்ஸ்ட்டையே திருப்பிக் காட்டுது. ஏஜென்ட் பக்கம் இருந்து பாத்தா பைத்தியம் பிடிக்கிற நிலைமை: இப்பதான் ஃபைலைப் படிச்சேன், ‘மொத்தம்’னு இருந்துச்சு, அதையேதான் அனுப்பறேன், இல்லன்னு சொல்றாங்க. ஏஜென்ட் மறுபடி படிக்கும், மறுபடி அனுப்பும், மறுபடி எர்ரர், கடைசில வெறுத்துப் போய் ரைட்_ஃபைல் எடுத்து முழு ஃபைலையும் மேல எழுதிடலாம்னு முடிவு பண்ணும். அந்த மேல எழுதறதுல என்னென்ன வரி விட்டுப் போகுமோ, அது தனிக் கவலை.

அதனால எர்ரர் மெசேஜையும் நான் டிஸ்கிரிப்ஷனோட ஒரு பகுதியாத்தான் எண்ண ஆரம்பிச்சேன். முதல் தடவை கூப்பிடறதுக்கு டிஸ்கிரிப்ஷன், ரெண்டாவது தடவை கூப்பிடறதுக்கு எர்ரர்தான் வழிகாட்டி. இதே சர்வர்ல இதுக்கு நல்ல உதாரணமும் இருக்கு: அனுமதி இல்லாத ஃபோல்டரைத் தொட்டா, இந்தப் பாதைக்கு அனுமதி இல்லன்னு மட்டும் சொல்லாம எந்தெந்த ஃபோல்டருக்கு அனுமதி இருக்குன்னு பட்டியலையும் அதே எர்ரர்ல குடுக்குது, ஏஜென்ட் அடுத்த தடவையே சரியா போயிடும். 2024-ல பிரின்ஸ்டன் ஆளுங்க வெளியிட்ட எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட்ங்கற கோடு எழுதற ஏஜென்ட்லயும் இதே யோசனை இருந்துச்சு, ஏஜென்ட் பண்ற எடிட் சின்டாக்ஸ் எர்ரரைக் கொண்டு வந்தா அந்த எடிட்டையே ஏத்துக்காம எங்க தப்புன்னு காட்டித் திருப்பி அனுப்பிடுவாங்க.

பாதைங்கற பாராமீட்டர் பத்தி சுருக்கமா. பாத்-னு பேரு, டைப் ஸ்ட்ரிங், அவ்வளவுதான். முழுப்பாதையா, சார்புப்பாதையா, எதுல இருந்து சார்புன்னு ஒரு வார்த்தை இல்ல. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஆந்த்ரோபிக் 2024 டிசம்பர்ல எழுதினதுல இதைத்தான் சொன்னாங்க: எஸ்டபிள்யூஇ-பெஞ்ச்ங்கற கோடு திருத்தற தேர்வுக்கு ஏஜென்ட் கட்டும்போது மொத்த பிராம்ப்ட்டை விட டூலை சரி பண்ணத்தான் அதிக நேரம் ஆச்சு, ஏஜென்ட் ரூட் ஃபோல்டரை விட்டு வெளிய போனதுக்கு அப்புறம் சார்புப்பாதையில தப்பு தப்பா பண்ணுச்சு, முழுப்பாதைதான் குடுக்கணும்னு டூலை மாத்தினதும் தப்பு நின்னு போச்சுன்னு.

சர்ச்_ஃபைல்ஸ் டூல்ல நான் கத்துக்கிட்டது வேற. முதல்ல வந்த பதிப்புல பேட்டர்ன்னு ஒரு பாராமீட்டர் இருந்துச்சு, ஆனா உள்ள அது ஃபைல் பேருக்குள்ள அந்த எழுத்துக்கள் அப்படியே இருக்கான்னு மட்டும்தான் பாத்துச்சு. பேட்டர்ன்னு பேரைப் பாத்துட்டு ஸ்டார் போட்டு அனுப்பினா ஒண்ணும் கிடைக்காது, ஸ்டாரையே ஒரு எழுத்தா எடுத்துத் தேடும், எர்ரரும் வராது, ‘ஒண்ணும் பொருந்தல’ன்னு அமைதியான பதில். எர்ரர் வந்தாலாவது யோசிக்கும், ‘இல்ல’ன்னு பதில் வந்தா ஃபைலே இல்லன்னு நம்பிட்டு மேல போயிடும். பின்னாடி இதை குளோப் முறைக்கு மாத்தினாங்க, டிஸ்கிரிப்ஷன்லயே ஒரு ஸ்டார் போட்டா இந்த ஃபோல்டர்ல மட்டும், ரெண்டு ஸ்டார் போட்டா உள்ள இருக்க எல்லா ஃபோல்டர்லயும்னு உதாரணத்தோட எழுதினாங்க. நல்ல திருத்தம், கோடும் வார்த்தையும் சேந்து மாறுச்சு. இன்னும் ஒரு குறை இருக்கு, ஃபைல் உள்ள இருக்க வார்த்தையைத் தேடாது, பேரை மட்டும்தான் தேடும்னு ஒரு வரி சேத்தா தேவல.

டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வரி இவ்வளவு தூரம் போகுமான்னு சந்தேகம் இருந்தா இன்னொரு வெளிப்படையான உதாரணம் இருக்கு. கிளாடோட வெப் சர்ச் டூல் வந்த புதுசுல, மாடல் தேவையே இல்லாம தேடல் வார்த்தையோட கடைசில 2025-னு சேத்து சேத்து அனுப்பிட்டு இருந்துச்சாம், அதனால தேடல் முடிவே ஒரு பக்கம் சாஞ்சு போச்சு. டூல் டிஸ்கிரிப்ஷனைத் திருத்தித்தான் அதை வழிக்குக் கொண்டு வந்தோம்னு ஆந்த்ரோபிக் 2025 செப்டம்பர்ல எழுதினாங்க.

வாக்கியச் சோதனை முடிஞ்ச பிறகுதான் ஏஜென்ட்டையே ஓட விட்டேன். வேலை சொல்லும்போது டூல் பேரைச் சொல்லவே இல்ல, ‘இந்த மாச அறிக்கையை ஆவணம் ஃபோல்டருக்கு அதே பேர்ல மாத்திடு’ன்னு மட்டும். ஆவணம் ஃபோல்டர்ல அதே பேர்ல போன மாச ஃபைல் முன்னாடியே இருக்கு. ஒரு தடவை ஓட்டிப் பாத்து முடிவு பண்றது ரொம்ப ஆபத்து, ஏன்னா சில தடவை அது தானா லிஸ்ட் பண்ணிப் பாத்துட்டு ‘இங்க ஏற்கனவே ஒண்ணு இருக்கே, என்ன பண்ணட்டும்’னு கேட்டுச்சு, சில தடவை நேரா மூவ்_ஃபைலைக் கூப்பிட்டுட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிடுச்சு. ஒரே வேலை, ஒரே டிஸ்கிரிப்ஷன். 2024 ஜூன்ல சியரா நிறுவனம் வெளியிட்ட டாவ்-பெஞ்ச்ங்கற ஏஜென்ட் தேர்வுல இதுக்குன்னே ஒரு அளவு வச்சாங்க, ஒரே வேலையை பல தடவை குடுத்து எல்லா தடவையும் சரியா முடிச்சாத்தான் பாஸ்னு. அந்த அளவுல கடை விற்பனை வேலைகள்ல எட்டு தடவையும் சரியா முடிக்கிற விகிதம் ஜிபிடி-4ஓ-வுக்கே 25 சதவீதத்துக்குக் கீழதான் இருந்துச்சு. ஃபைலை அழிக்கக் கூடிய டூலுக்கு இந்த அளவுதான் சரி, ஒரு தடவை கவனமா இருந்துச்சுங்கறது இதுல ஒரு சான்றே இல்ல.

அப்புறம் அந்த ‘தோல்வி அடையும்’ வரியை எடுத்துட்டு, ‘இலக்குல ஃபைல் இருந்தா அது கேக்காம அழிஞ்சிடும், முதல்ல கெட்_ஃபைல்_இன்ஃபோ வச்சு பாத்துக்கோ’ன்னு மாத்தி எழுதி திரும்ப ஓட்டினேன். இப்ப நேரா பாயறது அடங்குச்சு, முதல்ல பாக்குது, இருந்தா நிக்குது. இருந்தாலும் இந்தத் திருத்தத்தோட நான் விட மாட்டேன். பழைய டிஸ்கிரிப்ஷன் சொன்ன நடத்தைதான் நல்ல நடத்தை, அப்ப மாத்த வேண்டியது கோடை. இலக்கு இருக்கான்னு பாத்து எர்ரர் வீசற நாலு வரி கோடு எழுதிட்டா அந்தப் பழைய வரி உண்மையாயிடும், எந்த ஏஜென்ட்டும் எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. குறியாக்க விஷயத்துல நேர் எதிர், அங்க எல்லா குறியாக்கத்தையும் கையாளற கோடு எழுதறது பெரிய வேலை, வார்த்தையைத்தான் மாத்தணும். வார்த்தையும் கோடும் முட்டிக்கிட்டா எதை மாத்தறதுங்கறது ஒவ்வொரு டூலுக்கும் உக்காந்து யோசிக்க வேண்டிய முடிவு, எந்த மதிப்பெண் அட்டையும் அதைச் சொல்லித் தராது.

எம்சிபி-யில 2025 மார்ச்ல அனொடேஷன்னு ஒண்ணு சேத்தாங்க, இந்த டூல் படிக்க மட்டும்தான், இது அழிக்கக் கூடியதுன்னு டூலே சொல்லிக்கிற குறிப்பு. எதுவும் சொல்லலன்னா அழிக்கக் கூடியதுன்னே எடுத்துக்கணும்னு வச்சிருக்காங்க, அது சரியான முடிவு. அதையும் என் வாக்கியப் பட்டியல்ல சேத்துக்கிட்டேன், ஏன்னா அதுவும் ஒரு வாக்குறுதிதான், நம்பகமான சர்வர்ல இருந்து வந்தா ஒழிய அதை நம்பக் கூடாதுன்னு நெறிமுறையிலயே எழுதியிருக்கு. தெரியாம எழுதின ஒரு தப்பான வரியே இவ்வளவு பண்ணும்னா தெரிஞ்சே எழுதினா? 2025 ஏப்ரல்ல இன்வேரியன்ட் லேப்ஸ் அதையும் காட்டினாங்க, டிஸ்கிரிப்ஷனுக்குள்ள மாடலுக்கு மட்டும் ரகசியக் கட்டளை எழுதி வச்சு ஃபைலைத் திருடற மாதிரி. அது தனியா எழுத வேண்டிய விஷயம், இங்க விட்டுடறேன்.

இப்ப என் சொந்த சர்வர்ல இதையே செஞ்சுட்டு இருக்கேன். டிஸ்கிரிப்ஷன்ல இருக்க ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு டெஸ்ட், டெஸ்ட்டோட பேரே அந்த வாக்கியம். யாராவது கோடை மாத்தி அந்த டெஸ்ட் உடைஞ்சா பில்டு நிக்கும், நின்னா கோடையோ வாக்கியத்தையோ சரி பண்ணித்தான் ஆகணும். நேத்து ராத்திரி சேத்தது ‘மொத்தம்’ டெஸ்ட், ஃபைல்ல கொம்பும் காலும் தனியா, அனுப்பறது ஒரே குறியா. பொருத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் என்எஃப்சி பண்ற ஒரு வரி போட்டதும் பச்சை விழுந்துச்சு. திருப்பி எழுதும்போது மத்த வரிகளை முன்ன இருந்த மாதிரியே விட்டு வைக்கிற டெஸ்ட் மட்டும் இன்னும் சிவப்புலதான் நிக்குது, இன்னைக்கு சாயங்காலம் அதுல உக்காரணும்.